எப்பாச்சும் ஒட்டுமா, எப்பவும் ஒட்டுமா?

எனக்கு இருபத்து மூன்று வயதில் தெரியாத விஷயமே கிடையாது. டிப்ளமோ முடித்து, தி.நகரில் ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் சைட் மேற்பார்வைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மயிலாப்பூரில் நான் குடியிருந்த தெருவில் யார் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டாலும் போய் நின்று, விரலால் தடவிப் பார்த்து, ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அது தவளையைப் பற்றிய பழமொழி என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். லஸ் முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடிக் கட்டடம். கீழே பாத்திரக்கடை, மேலே நான் வழக்கமாகப் போகும் சலூன். சலூன்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், நிறையப் பேசுவார், ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஷேவிங் முடிந்ததும் படிகாரக் கட்டியை முகத்தில் தேய்த்து, "எரியுதா?" என்று கேட்பார். எங்கேயாவது வெட்டியிருந்தால்தான் எரியும். இருபது வருஷத்தில் ஒருவருக்கும் எரிந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. சொந்த வீடு, நிலம், நகை எதைப் பற்றியும் அவர் பெருமையடித்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் சிந்தாதிரிப்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கைவண்டியில் ஒரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்தார். உடைக்கப் போட்ட ஏதோ பயணிகள் கப்பலுக்குள் சலூன் இருந்ததாம், அதிலிருந்த நாற்காலியாம். சிவப்புத் தோல் மெத்தை, வெள்ளைப் பீங்கான் கைப்பிடி, கால் வைக்கப் பித்தளைத் தட்டு. பக்கத்தில் இருக்கும் கம்பியை இழுத்தால் உட்கார்ந்திருப்பவர் அப்படியே மல்லாந்து படுத்துவிடலாம். நான்கு பேர் தூக்கி மாடி ஏற்றினோம். மயிலாப்பூரில் அப்படி ஒரு நாற்காலி யாரிடமும் இல்லை. அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

துடைத்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நாற்காலிக்கு ஒற்றைக் கால், அடியில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு, தகட்டில் நான்கு துளைகள். கப்பல் தளத்தில் நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்த நாற்காலி அது. இங்கே முடுக்காமல் வைத்து, ஆள் உட்கார்ந்து சாய்ந்தால் நாற்காலியும் கூடவே சாயும். கழுத்தில் கத்தி இருக்கும்போது சாய்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தரையை ஆழமாகக் கொத்திப் போல்ட்டை இறக்கி சிமெண்டு அடைக்கலாம். ஆனால் மாடித் தளமே நாலு அங்குலக் கான்கிரீட். கட்டடம் கீழே பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியுடையது. தளத்தைத் துளைத்துக் கீழே தகடு கொடுத்து முடுக்குவதற்கு அவர் ஒப்பவில்லை. இரண்டு அங்குலம் கொத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு பொட்டுக் காரை விழுந்தாலும் கடையைக் காலி பண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். "அண்டா வாங்க வாரவன் தலைக்கு மேல ஒம் ஆணி எட்டிப் பாக்கப்பிடாது, பாத்துக்க" என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஒரு மாதம் முன்பு அடையாறில் எங்கள் சைட்டில் ஒரு லேத் மெஷினுக்கு என் முதலாளி எபாக்சி என்ற பசையை ஊற்றிப் போல்ட் நட்டிருந்தார். இரண்டு டப்பா, இரண்டையும் சம அளவு கலந்து துளையில் ஊற்றி, போல்ட்டை இறக்கிவிட்டால் கான்கிரீட்டோடு கான்கிரீட்டாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையில் என் பங்கு, முதலாளிக்கு வெயில் படாமல் குடை பிடித்தது. அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சலூனில் சொன்னேன். இரண்டு அங்குலம் தாராளமாகப் போதும் என்றேன்.

"இன்னா பேரு சொன்ன?" என்றார் சலூன்காரர்.

"எபாக்சி."

"எப்பாச்சியா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "எப்பாச்சும் ஒட்டுமா நைனா, எப்பவும் ஒட்டுமா? அத்தச் சொல்லு மொதல்ல."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எப்பவும்தான், நீங்கள் கடையை மூடினாலும் நாற்காலி அந்த இடத்தை விட்டு அசையாது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி, நீ சொன்னால் சரி என்று சொல்லிவிட்டார். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் சொல்லப்போனால், அதற்காகத்தான் அவ்வளவும் பேசினேன்.

அடையாறு வேலையில் மிச்சமிருந்த இரண்டு டப்பாக்களை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். ஒரு சின்ன வேலை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சைட் கொத்தனார் ஒருவரை அழைத்துப் போய் நான்கு துளைகள் போடச் சொன்னேன். அவர் உளியும் சுத்தியலும் வைத்து அழகாக, கிணறு வெட்டியது மாதிரி நேராகப் போட்டார். கீழே காரை விழவில்லை. அண்ணாச்சி தன் கடையில் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாராம், கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

துளைக்குள் கான்கிரீட் தூள் நிறைய இருந்தது. சலூன்காரரிடமும் கொத்தனாரிடமும், "நல்லா சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு, நான் முனையிலிருந்த ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போனேன். மேற்பார்வையாளன் தூசியில் நிற்பானா? திரும்பி வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. துளைகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. ஆழம் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

பசையைக் கலக்கப் பாத்திரம் கேட்டேன். அவர் சோப்பு நுரை கலக்கும் பழைய பித்தளைக் கிண்ணத்தையும் ஒரு பழைய பிரஷ்ஷையும் கொடுத்தார். கலக்கினேன், ஊற்றினேன், போல்ட்டை இறக்கினேன். நான்கும் சிப்பாய் மாதிரி நின்றன. நான்கு நாள் யாரும் தொடக் கூடாது, வெள்ளிக்கிழமை காலை நாற்காலியை ஏற்றி முடுக்கித் திறந்துவிடலாம் என்று உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அம்மா என்ன சமைத்திருந்தாலும் ருசித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சலூனுக்கு மாவிலை கட்டியிருந்தது. நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். முதலில் உட்காரும் மரியாதையை அவர் தன் மிகப் பழைய வாடிக்கையாளரான ஒரு வக்கீலுக்குக் கொடுத்திருந்தார். வக்கீல் பீம சரீரம். மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது, நாற்காலிதான் பிடிக்கவில்லை.

"ஏண்டா அம்பி, இது கோந்துதானே?" என்று என்னைக் கேட்டார். "கோந்தை நம்பி என்னைப் படுத்துக்கோன்னு சொல்றயா?"

லேத் மெஷினே நிற்கிறது மாமா என்றேன். நான் மெஷின் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். நுரை போட்டாயிற்று. சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டி வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் கம்பியை இழுத்தார். வக்கீல் மெல்லச் சாய்ந்தார். பாதி தூரம் சாய்ந்திருப்பார், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பித்தளைத் தட்டு மேலே கிளம்பியது, அதோடு வக்கீலின் கால்களும் கிளம்பின. பின்னால் நின்றவர்கள் முதுகுப் பக்கத்தைத் தாங்கிப் பிடித்ததால் அவர் தரைக்குப் போகவில்லை. கத்தி அவர் கழுத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில், அசையாமல், சலூன்காரர் கையில் இருந்தது.

முன்பக்கத்து இரண்டு போல்ட்டும் பாட்டிலிலிருந்து தக்கை வருவதைப் போலப் பசையோடு முழுசாக வெளியே வந்திருந்தன. பசை போல்ட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கான்கிரீட்டைத்தான் பிடிக்கவில்லை. வக்கீல் முகத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சலூன்காரர் கத்தியை மடித்து அலமாரியில் வைத்தார். பழைய மர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கத்தி பிடித்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நொடி, நைனா. ஒரு நொடி முன்னாடி கத்தி வெச்சிருந்தேன்னா?" என்றார். பிறகு, "எப்பாச்சும் ஒட்டும்னு நான்தான் கரெக்டா சொல்லிக்கிறேன்" என்றார்.

நான் அழாத குறைதான். ஒரு ஆளின் இருபது வருஷத்து நல்ல பெயரை என் வாயால் அரை நொடியில் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல், ஒரு மனிதரின் கழுத்து. அன்று சைட்டுக்குப் போகாமல் கடை ஓரத்திலேயே நின்றேன். என்ன தப்பு நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை என்பதுதான் இன்னும் பெரிய வெட்கம். குடை பிடித்தவனுக்கு என்ன புரியும்?

புரியவைத்தது அந்தப் பித்தளைக் கிண்ணம். மிச்சப் பசை காய்ந்து, பிரஷ் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினால் கிண்ணமும் வந்தது. திறப்புக்கு வந்திருந்த கொத்தனார் ஒரு முறை, நான் ஒரு முறை, பிடித்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அதே டப்பா, அதே கலவை. கிண்ணத்தில் பிடித்தது துளையில் ஏன் பிடிக்கவில்லை?

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தி.நகருக்குப் போய் முதலாளியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன், குடை உட்பட. அவர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். துளையை எப்படிச் சுத்தம் பண்ணினாய்? அந்த நேரம் நான் ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தோடு திரும்பி வந்து சலூன்காரரைக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சுத்தம் என்றால் கழுவுவதுதானே? கொத்தனார் இரண்டு சொம்பு தண்ணீர் விட்டு நான்கு துளைகளையும் அலசியிருக்கிறார். மேலே தேங்கியதைத் துணியில் ஒற்றி எடுத்திருக்கிறார்கள். பிறகு இவர், எதற்கும் இருக்கட்டும் என்று, முகத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பீச்சாங்குழலால் உள்ளே இன்னொரு தடவை நனைத்திருக்கிறார்.

"காஞ்ச எடத்துல கத்தி வெக்கிற ஆளா நானு?" என்றார் கொஞ்சம் கோபமாகவே.

கொத்தனார் அதற்கு மேல். நனைக்காத சுவரில் பூச்சு நிற்குமா, நனைக்காத துளையில் சிமெண்டு பிடிக்குமா, அப்பன் காலத்திலிருந்து நனைத்துத்தானே வேலை என்றார். இருவரும் சொன்னது அவரவர் தொழிலில் நூற்றுக்கு நூறு சரி. சிமெண்டுக்குத் தண்ணீர் வேண்டும், தாடிக்கும் தண்ணீர் வேண்டும். எபாக்சிக்குத் தண்ணீர் ஆகாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். ஈரமும் தூளும் குழைந்து துளைச் சுவரில் சேறாகப் படிந்திருக்கிறது, பசை அந்தச் சேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கறுப்பாகத் தெரிந்தது ஆழம் இல்லை, ஈரம். வேலை தெரிந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு, "சுத்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காபிக்குப் போனவன் நான். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று கேட்டேன். சலூன்காரர் மல்லிகைச் சரத்தை நாற்காலியிலிருந்து கழற்றாமல் விட்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுபடி செய்ய அவரை ஒப்பவைக்க ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் என் பேச்சு ஒன்றும் எடுபடவில்லை. கிண்ணம்தான் ஒப்பவைத்தது. தினமும் கடை திறந்ததும் பிரஷ்ஷைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாராம். "இத்தினி நாளு வரல நைனா" என்று ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

இந்தத் தடவை நான் காபிக்குப் போகவில்லை. தகட்டைச் சற்றுத் திருப்பிவைத்து, பழைய துளைகளுக்கு நடுவே நான்கு புதிய துளைகள் போட்டோம். தூள் எடுக்க, பிடரியில் ஒட்டிய முடியைத் தட்டும் அவருடைய பிரஷ் சரியாக இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து காற்றடிக்கும் பம்பை வாங்கிவந்து, நானே மண்டியிட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் காற்றடித்தேன். தூள் கிளம்பி என் கண்ணிலும் மூக்கிலும் போயிற்று. திரும்பப் பிரஷ், திரும்பக் காற்று. எங்கேயாவது ஈரம் இருக்குமோ என்று எனக்குப் பயம். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கெஞ்சி, கரி நிரப்பிய பெட்டியை வாங்கிவந்து துளைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துச் சூடுகாட்டினேன். துளைக்கு இஸ்திரி போடுகிறான் என்று தெரு முழுக்கச் செய்தி போய், மாடிப்படியில் கூட்டம் நின்றது. எனக்குக் கவலையில்லை. ஆறவிட்டு, பசை ஊற்றினேன். சலூன்காரர் பீச்சாங்குழலைத் தானாகவே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஒரு வாரம் விட்டோம். உயிருள்ள ஆளை ஏற்றுவதற்கு முன்னால் ஆளைப்போல் இரண்டு மடங்கு பாரம் ஏற்றிப் பார் என்று முதலாளி சொல்லியிருந்தார். பாரத்துக்கு எங்கே போவது? கீழே அண்ணாச்சி கடை இருந்தது. இந்த வேடிக்கையை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாய்விட்டுக் கேட்டதும் பித்தளை அண்டா இரண்டு, தவலை மூன்று என்று தானே ஆளை விட்டு மேலே அனுப்பினார். நாற்காலியை முழுசாகச் சாய்த்து, தலை வைக்கும் பக்கத்தில் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டி, ஒவ்வொன்றாக மணல் நிரப்பினோம். போல்ட் கொஞ்சம் கிளம்பினாலும் தெரிய வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சலூன்காரர் ஒரு புது பிளேடை உறையிலிருந்து எடுத்து, குனிந்து, தகட்டுக்கும் தரைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு அண்டா மணல். பிளேடு நுழையவில்லை. எனக்கு இந்த யோசனை வரவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் வரை பாரம் தொங்கியது, அரை மணிக்கு ஒரு முறை நான்கு பக்கமும் பிளேடு வைத்துப் பார்த்தார். நாற்காலி அசைந்து கொடுக்கவே இல்லை.

மறுநாள் காலை வக்கீலும் வந்துவிட்டார். யார் போய் அழைத்தார்களோ தெரியவில்லை. ஓர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, கைத்தடி மேல் தாடையை வைத்துக்கொண்டு, "நான் சாட்சிக்கு வந்திருக்கேன், படுத்துக்கறதுக்கு இல்லை" என்று அறிவித்தார்.

சலூன்காரர் துண்டை உதறி என்னைப் பார்த்தார். "நீ ஒக்காரு."

உட்கார்ந்தேன். அண்டாவும் தவலையும் தொங்கியது நேற்று. இப்போது என் கழுத்து. துளையைச் சூடுகாட்டியது போதுமா, கலவை சமமாக இருந்ததா, நாலாவது துளையில் பிரஷ் அடிவரை போனதா என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நுரையைத் தாராளமாகக் கண்வரை அப்பினார். கம்பியை இழுத்தார். நான் சாய்ந்தேன். டொக் வரவில்லை. விட்டத்தில் மின்விசிறி தெரிந்தது. கத்தியின் குளிர் தொண்டைக்குழியில் பட்டது.

"இப்ப சொல்லு நைனா," என்றது தலைக்கு மேலிருந்து குரல். "எப்பாச்சுமா, எப்பவுமா?"

வாயைத் திறந்தால் கத்தி படும். தலையை ஆட்டினாலும் படும். வாழ்நாளில் முதல் தடவையாக, பதில் தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். பெஞ்சில் வக்கீல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி காதோரம் இறங்கி, கன்னத்தில் வழுக்கி, கழுத்தைச் சுற்றி வந்தது. வழக்கமாக வரும் சரக் சரக் சத்தம்கூட வரவில்லை. என்ன லாவகமான கை என்று அந்தப் பயத்திலும் மெச்சிக்கொண்டேன்.

முடிந்தது. நிமிர்த்தி உட்காரவைத்தார். முகத்தைத் துடைத்து, படிகாரத்தைத் தேய்த்து, "எரியுதா?" என்றார். இல்லை என்றேன். அவர் குனிந்து நான்கு பக்கமும் பிளேடை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நான் வெற்றி வீரனாக வக்கீலைப் பார்த்துக்கொண்டே தாடையைத் தடவினேன். தடவிய கை நின்றது. மூன்று நாள் தாடி அப்படியே, ஒரு முடி குறையாமல், சொரசொரவென்று இருந்தது.

சலூன்காரரைப் பார்த்தேன். அவர் கத்தியைத் திருப்பிக் காட்டினார். மழுங்கின முதுகுப் பக்கம் முழுக்க நுரை. கூர்ப் பக்கம் துடைத்து வைத்தது போலப் பளபளவென்று இருந்தது.

"ஒட்டுச்சின்னா தாடிய எப்ப வோணும்னாலும் எடுத்துக்கலாம்," என்றார். "ஒட்டலைன்னா, நாளிக்கு வந்து மூணாந்தபா துள போடறதுக்கு நீ இருக்கணுமே நைனா."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. நுரை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன். அவர் வேறொரு கிண்ணத்தில் புதிதாகச் சோப்பைக் கலக்கி என் முகத்தில் போட்டார். கம்பியை இழுத்து என்னைச் சாய்த்து, கத்தியைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்தார். இந்தத் தடவை சரக் சரக் என்று நன்றாகவே சத்தம் கேட்டது. பாதிக் கன்னம் முடிவதற்குள், அடுத்தது நான்தான் என்று வக்கீல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நின்றார்.